நம்மை நம்பியிருப்பவரிடம் "முடியாது" என்று சொல்லலாமா?

மூத்தவள்: அம்மாவுக்கு மறதி நோய் வந்து நான்கு வருடம். என்னோடுதான் இருக்கிறார். பகலில் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு, நான்கு மணிக்குக் கிளம்பிவிடுவார். நான் வீடு சேர ஆறாகும். இடைப்பட்ட இரண்டு மணி நேரமும் போன்தான். "எப்போ வருவே?" நேற்று பதினேழு தடவை. பதினெட்டாவதை எடுக்காமல் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். வீட்டுக்குப் போனால் அம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார், காலில் வேறு வேறு ஜோடிச் செருப்பு. நான் செய்தது தப்பா?

கறார்பேர்வழி: தப்பே இல்லை. என் தம்பி எப்போதும் பணம் கேட்பான். ஒன்பது முறை மறுத்துவிட்டுப் பத்தாவது முறை கொடுத்துவிடுவேன். அதில் அவன் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: பத்து முறை கேட்க வேண்டும். எப்போதாவது கிடைக்கும் பரிசு ஒரு பழக்கத்தை எவ்வளவு கெட்டியாக்கும் என்று உளவியலாளர் ஸ்கின்னர் சோதனைக்கூடத்திலேயே காட்டியிருக்கிறார். அடியோடு நிறுத்தினால் முதலில் நச்சரிப்பு கூடும், அப்புறம்தான் அடங்கும். தம்பி மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. இப்போது வேலைக்குப் போகிறான்.

இரவுக்காவல்: அது தம்பிக்குச் சரி. இந்த அம்மாவுக்கு எப்படிப் பொருந்தும்? கற்றுக்கொள்ள நினைவு வேண்டாமா? நமக்குத்தான் அது பதினேழாவது அழைப்பு, அவருக்கு ஒவ்வொன்றும் முதல் அழைப்பு. இந்த நோயில் பலருக்கு மாலையானால் குழப்பம் கூடும். நச்சரிப்பு என்று சொல்லாதீர்கள், அது பயம்.

என் அப்பா பக்கவாதத்தில் படுத்த படுக்கை. இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்க வைக்கச் சொல்லியிருக்கிறார்கள், இல்லாவிட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் புண் வந்துவிடும். ராத்திரி இரண்டு மணிக்கு "இதுதான் என் எல்லை" என்று யாரிடம் சொல்வது? அவர் தோலிடமா?

கறார்பேர்வழி: சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இப்படியே போனால் அடுத்து படுக்கையில் விழப்போவது நீங்கள். 1974-இல் உளவியலாளர் ஃப்ராய்டன்பர்கர் 'பர்ன் அவுட்' பற்றி, அதாவது ஓயாத வேலையில் உடலும் மனசும் தீர்ந்துபோவதைப் பற்றி, எழுதியபோது அவர் மனதில் இருந்தவர்கள் சோம்பேறிகள் இல்லை. இலவச மருத்துவமனைகளில் இழுத்துப் போட்டுக்கொண்டு வேலை செய்தவர்கள். நீங்கள் கடைசியாக ஒரு முழு ராத்திரி தூங்கியது எப்போது?

இரவுக்காவல்: போன வெள்ளிக்கிழமை. அதற்கு முன்னால் எட்டு மாதம் தூங்கவில்லை. ஒரு நாள் புரட்டும்போது அப்பாவின் கையை வெடுக்கென்று இழுத்துவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, என் முகத்தையே பார்த்தார். விடிந்ததும் அண்ணனுக்குப் போன் போட்டேன். வாராவாரம் "அப்பா எப்படி இருக்கார்?" என்று தவறாமல் விசாரிப்பவர். "வெள்ளி, சனி ராத்திரி இனிமேல் உன்னுடையது. வர முடியாவிட்டால் ஆள் போடு" என்றேன். அப்பாவிடம் போட முடியாத எல்லையை அண்ணனிடம் போட்டேன். எட்டு மாதம் எனக்கு இது தோன்றவே இல்லை, பாருங்கள்.

ஒற்றைப்பிள்ளை: அண்ணன் இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். என்னைப் போல ஒரே பிள்ளை யாரிடம் போடுவது, சுவரிடமா?

கறார்பேர்வழி: ஆள் போடத்தான் வேண்டும். காசு இல்லையென்றால் வேறு ஏதாவது குறையும்: வீட்டுச் சுத்தம், விருந்தாளி, அலுவலகத்தில் கிடைக்கும் நல்ல பெயர். அதையெல்லாம் விட மனசு வராமல்தான் பாதிப்பேர் சாகிறோம். அப்புறம், மருத்துவரிடம் போகும்போது உங்கள் தூக்கத்தைப் பற்றியும் சொல்லுங்கள். பராமரிப்பவரின் சுமையை அளக்கவே ஸாரிட் கேள்வித்தாள் என்று ஒன்று இருக்கிறது, 22 கேள்விகள்.

ஒற்றைப்பிள்ளை: நல்ல பெயரை விடலாம். வேலையே போனால்?

இரவுக்காவல்: அதுதான் கேள்வி. கறார் சொல்வதெல்லாம் கையில் கொஞ்சம் மிச்சம் இருப்பவர்களுக்குத்தான்.

மூத்தவள்: பத்து நாள் கழித்து எழுதுகிறேன். உதவிக்கு வருபவர் ஐந்து மணி வரை இருக்கச் சம்மதித்துவிட்டார். அம்மாவின் போனில் படத்தைத் தொட்டால் அழைப்பு போகும். அதில் என் படத்தை எடுத்துவிட்டுத் தங்கையின் படத்தை வைத்தேன், அவளிடம் சொல்லிவிட்டுத்தான். முதல் நாள் ஒரே மணி நேரத்தில் பதினோரு அழைப்பு. ராத்திரி கூப்பிட்டாள். "அக்கா, தினமும் இப்படித்தானா?" என்றாள். "ஆமாம்" என்றேன். கொஞ்ச நேரம் அவளிடமிருந்து சத்தமே இல்லை.