சிஸ்டம்வெரிலாக் ஃபைலில மட்டும் பெயர் எடுத்துத் தருகுதில்ல, உதவி!

கல்லடி_பாடுமீன்:
உபுண்டு, விஎஸ் கோட் எடிட்டர், அதில வெரிலாக் (டிஜிட்டல் சுற்று எழுதுற மொழி) எக்ஸ்டென்ஷன். '.வி' ஃபைலில ரெண்டு எழுத்து அடிச்சாலே சிக்னல் பெயரெல்லாம் கீழ வந்து நிற்கும். '.எஸ்வி' ஃபைலில, அதாவது வெரிலாக்கை விரிச்செடுத்த சிஸ்டம்வெரிலாக்கில, ஒண்டும் வராது. எக்ஸ்டென்ஷனை மூண்டு தரம் கழட்டிப் பூட்டிட்டன், அதே கதைதான்.

இதால நேத்து இரவு முழுக்கப் போச்சு. யுஆர்ட் (சீரியல் தொடர்பு) ரிசீவரை மேல்மட்ட டொப் மொடியூலோட இணைக்கேக்க 'ஆர்எக்ஸ்_டேட்டா'வில ஒரு 'ஏ' விழாமப் போயிற்று. சிமுலேட்டர் ஐக்காரஸ் எரர் எண்டு நிக்கல்ல. ஜிடிகேவேவ்ல சிக்னல் அலையைப் பார்த்தா 8 பிட்டும் இஸட் (ஒண்டும் இணையாத நிலை). சாமம் ரெண்டு மணிக்குத்தான் பிழை பிடிபட்டிச்சு. வெள்ளிக்கிழமை டெமோ.

ஒலுவில்_காக்கா:
தம்பி, எக்ஸ்டென்ஷனுக்குச் சொந்தமா ஒண்டும் தெரியா. அது சிடாக்ஸ் எண்ட, கோடில இரிக்கிற பெயர்களைப் பட்டியல் போடுற புரோகிராமிட்டக் கேட்டுத்தான் உங்களுக்குச் சொல்லுது. டெர்மினல்ல 'சிடாக்ஸ் --வேர்ஷன்' அடிங்க. 'எக்ஸூபரண்ட்' (பழைய சிடாக்ஸ்) எண்டு வந்தா அவன்தான் கள்ளன். அதுட கடைசி வெளியீடு 5.8, 2009ல வந்தது. வெரிலாக்கும் அதைப்போல இன்னொரு மொழியான விஎச்டிஎல்லும் தெரியும், சிஸ்டம்வெரிலாக் தெரியா. '--லிஸ்ட்-லாங்குவேஜஸ்' போட்டா அந்தப் பெயரே இரிக்காது. அதைக் கழட்டிப்போட்டு யூனிவர்சல் சிடாக்ஸ் போடுங்க. பழசை வெச்சிக்கிட்டுப் புதுசைப் போட்டா சிலநேரம் பழசுதான் ஓடும்.

கல்லடி_பாடுமீன்:
எக்ஸூபரண்ட்தான் காக்கா! மாத்தினன், இப்ப வருது. ஆனா மற்ற ஃபைலில இருக்கிற மொடியூலிட போர்ட் (உள்ள வாற, வெளிய போற இணைப்பு) பெயர் இன்னும் வருகுதில்ல.

ஒலுவில்_காக்கா:
நான் பார்த்த அளவில எக்ஸ்டென்ஷன் திறந்திரிக்கிற ஃபைலைத்தான் பார்க்கும். கொமண்ட் பலெட்ல 'இன்ஸ்டான்ஷியேட் மொடியூல்' இரிக்கி. ஃபைலைக் காட்டினா போர்ட் முழுக்க எழுதித் தரும்.

மறுகா_பார்ப்பம்:
ஈமேக்ஸ் எடிட்டர்ல 'ஆட்டோஇன்ஸ்ட்' எண்டு கொமென்ட் போட்டு, கன்ட்ரோல் சி, கன்ட்ரோல் ஏ. போர்ட் இணைப்பெல்லாம் அதுவே எழுதிரும், வேலை முடிஞ்சுது. (எனக்குத் தெரியும், ஒருத்தரும் மாறமாட்டீங்க.)

அது கிடக்கட்டும். ரெண்டு மணி வரைக்கும் முழிக்க வெச்சது எடிட்டர் இல்ல தம்பி, மொழி. போர்ட் இணைப்பில தெரியாத பெயரைக் கண்டா வெரிலாக் எரர் சொல்லாது, தானா ஒரு 1 பிட் வயரைப் போட்டுட்டுப் போயிரும். ஐக்காரஸ் '8 பிட் எதிர்பார்த்தன், 1 பிட்தான் வந்தது' எண்டு வோர்னிங் குடுத்திருக்கும், மேல தேடிப் பாருங்க. 1 பிட் சிக்னல்ல பிழை விட்டா அந்த வோர்னிங்கும் வராது.

ஒவ்வொரு ஃபைலின்ட தலையிலயும் 'டிஃபோல்ட்_நெட்டைப் நன்' போடுங்க, தெரியாத பெயருக்குத் தானா வயர் போடாம எரர் சொல்லும். முன்னுக்கு அந்தச் சாய்ஞ்ச மேற்கோள் குறி வேணும். வெரிலாக் 2001ல இருந்து இது இருக்கு. மறுகா போர்ட்டில 'இன்புட் வயர்' எண்டு முழுசா எழுதோணும், இல்லாட்டி அதுக்கும் கத்தும்.

கல்லடி_பாடுமீன்:
போட்டன். 4 எரர். மூண்டு 'வயர்' எழுதாதது. மற்றது டிரான்ஸ்மிட்டருக்குப் போற ரீசெட், அதிலயும் எழுத்துப்பிழை. ரெஜிஸ்டருக்கெல்லாம் தொடக்கப் பெறுமானம் குடுத்திருந்ததால இவ்வளவு நாளும் ரீசெட் இல்லாமலே ஓடியிருக்கு!