கப்பல் காலமானியின் சங்கிலியைக் கழற்றலாமா?

வெள்ளவத்தை வாசகி:
கொழும்புத் துறைமுகத்தில் பணியாற்றிய என் அப்பப்பா விட்டுச்சென்ற மகோகனிப் பெட்டியொன்றினுள், எப்பக்கம் சரித்தாலும் மட்டமாகவே நிற்கும் பித்தளைக் கிண்ணத்தில் ஒரு மணிக்கூடு இருக்கிறது. முகப்பிலுள்ள சிறு வட்டத்தில் 56 வரை எண்கள் உள்ளன. புறக்கோட்டையில் ஒரு திருத்துநர் திறந்து பார்த்து, உள்ளேயுள்ள மெல்லிய சங்கிலி துருப்பிடித்துவிட்டது, அதை நீக்கிவிட்டு பற்றரி இயந்திரம் பொருத்தலாம் என்கிறார். சம்மதிக்கலாமா?

பழைய மணிக்கூட்டுக்காரன்:
தயவுசெய்து சம்மதிக்காதீர்கள், தங்கச்சி. அது கடலில் கப்பலின் இடத்தைக் கணிக்க உதவும் துல்லியமான மணிக்கூடான காலமானி. முழுதாக முறுக்கிய சுருள்வில் வலுவாகவும், தளர்ந்த வில் மெலிவாகவும் இழுக்கும். ஆகவே வில்லின் இழுப்பைக் கடத்தும் சங்கிலி முதலில், தான் சுற்றப்பட்டிருக்கும் கூம்புச் சக்கரத்தின் ஒடுங்கிய முனையையும், வில் தளரத் தளர அதன் அகன்ற பகுதியையும் பற்றி இழுப்பதால், இயந்திரத்துக்குச் சென்றுசேரும் விசை ஏறத்தாழ ஒரே அளவாக இருக்கிறது. சைக்கிள் சங்கிலியை எறும்பளவுக்குச் சுருக்கினாற் போன்ற இந்தக் கண்ணிகளை, இங்கிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் பெண்களும் சிறுவர்களும் கண்பார்வை கெடக் கெடக் கையால் கோத்தார்கள். இங்குமங்கும் ஆடி நேரத்தை அளக்கும் சமநிலைச் சக்கரத்தையும் கவனியுங்கள்: உள்ளே உருக்கு, வெளியே பித்தளை. வெப்பத்தில் பித்தளை கூடுதலாக விரிவதால் விளிம்பு உள்நோக்கி வளைந்து, அதே வெப்பத்தில் மெலிந்துபோன மயிர்வில்லின் (அச்சக்கரத்தை ஆட்டும் நுண்ணிய சுருளின்) தாமதத்தை ஈடுசெய்கிறது. பற்றரி போட்டால் இவ்வளவும் குப்பைக்குப் போகும்.

ஓய்வுபெற்ற மாலுமி:
அந்த 56, சாவி கொடுத்தபின் கழிந்த மணித்தியாலங்களைக் காட்டுவது. உங்களுடையது இரண்டு நாள் ஓடும் வகை. ஆயினும் நாள்தோறும் ஒரே நேரத்தில், கிண்ணத்தைக் கவிழ்த்து, இடப்புறமாகத்தான் சாவி கொடுப்போம். நான்கு விநாடி பிழைத்தால் நெட்டாங்கில் ஒரு பாகைத்துளி (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) பிழைக்கும்; கொழும்பின் அகலாங்கில் அது 1.8 கிலோமீற்றருக்கும் சற்று அதிகம். நீர்கொழும்புக் கடலில் இருளில் அந்தத் தூரத்தின் பெறுமதி எங்களுக்குத் தெரியும்! துருவேறிய சங்கிலி அறுந்தால் பற்சக்கரங்களையும் சிதைத்துவிடும் என்பதால், இப்போதைக்குச் சாவி கொடுக்க வேண்டாம். எடுத்துச் செல்வதற்கு முன் சமநிலைச் சக்கரம் ஆடாதவாறு அனுபவமுள்ள ஒருவரைக்கொண்டு தக்கைத் துண்டு செருகுவியுங்கள்.

வெள்ளவத்தை வாசகி:
மிக்க நன்றி, ஐயா. நேற்றே திருப்பி எடுத்து வந்துவிட்டேன். சாவி மட்டும் அவருடைய மேசை இலாச்சியில் தங்கிவிட்டது. நாளை போய்க் கேட்க வேண்டும்.