மறு: நியூரோவாஸ்குலர் கப்ளிங் (மூளையில் நரம்பணு வேலை செய்யும் இடத்துக்கு ரத்தம் கூடுதலாக வருவது) – தமிழில் என்ன சொல்லலாம்?

> "நரம்பு–குருதி இணைப்பு" என்றே வைத்துவிடலாமே. எளிமையாக இருக்கிறது.

ஐயா, எளிமைதான். ஆனால் எங்கள் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் "நரம்புல ஊசி" என்றால் ரத்தக்குழாயில் போடுகிற ஊசி. தமிழ் மீடியம் வகுப்பில் இதைப் பலகையில் எழுதினால் பிள்ளைகள் குளுக்கோஸ் ஏற்றுவதைத்தான் நினைப்பார்கள்.

"இணைப்பு" இன்னும் சிக்கல். அது எப்போதும் இருக்கிற குழாய் மாதிரி ஒலிக்கிறது. இங்கே பேச்சு ஒரு நிகழ்வைப் பற்றி. திரையில் சில வண்ணச் சதுரங்களைக் காட்டி மறைக்கிறோம். பார்ப்பவர் அவற்றை மனத்தில் பிடித்து வைத்திருக்கிறார். அப்போது மூளையின் உச்சிமடலில் ஒரு மடிப்பில் எஃப்.எம்.ஆர்.ஐ. ஸ்கேன் சமிக்ஞை ஏறுகிறது. சதுரம் கூடக்கூட ஏறி, மூன்று நான்கோடு நின்றுவிடுகிறது. 2004இல் டாட், மரோய் என்ற ஆய்வாளர்கள் இருவரும் காட்டியது இது. ஸ்கேன் பார்ப்பது நரம்பணுவின் மின்துடிப்பை அல்ல, ரத்தத்தை. ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபினுக்குக் காந்தத்தன்மை உண்டு, அது சமிக்ஞையை மங்கச் செய்யும். 1990இல் ஒகாவா என்ற விஞ்ஞானி பிடித்துக்கொண்ட நூல் அதுதான்.

நரம்பணு வேலை செய்து ஐந்தாறு நொடி கழித்துத்தான் ரத்தம் உச்சத்துக்கு வரும். தாமதத்தில் அதுவும் தமிழ்நாட்டு ஆழியாற்றுத் தண்ணீர் எங்கள் பக்கத்து மூலத்தறைக்கு வருவதும் ஒன்று. ஆனால் ரத்தம் கேட்டதைவிடக் கூடுதலாக வரும், தண்ணீர் அப்படியா! அந்தக் கூடுதலால்தான் அங்கே ஆக்சிஜன் இழந்த ரத்தத்தின் பங்கு குறைந்து சமிக்ஞை உயர்கிறது.

ஆக, சொல்லில் "பின்தொடர்தல்" இருக்க வேண்டும். "குருதிப்பெருக்கு" வேண்டாம், நர்ஸ் பஞ்சோடு ஓடிவருவார். "நரம்பேவல்" அழகுதான், ஆனால் பாலக்காட்டில் ஏவல் என்றால் மந்திரவாதி வீட்டுச் சமாசாரம்.

என் முன்மொழிவு: செயலொட்டிய குருதிப்பாய்வு. "ஒட்டி" என்பதில் சேர்க்கையும் இருக்கிறது, பின்செல்வதும் இருக்கிறது.

----

> செயலொட்டிய குருதிப்பாய்வு

தசைக்கும் இது பொருந்துமே அம்மா? ஓடும்போது காலுக்கும் ரத்தம் கூடுகிறது. மேலும், "குருதியோட்டம்" ஏற்கெனவே இருக்க, "பாய்வு" எதற்கு?

----

பொருந்தட்டும் ஐயா, தேவையான இடத்தில் "மூளையின்" என்று முன்னால் போட்டுக்கொள்ளலாம். ஓட்டம் எப்போதும் நடப்பது. வேண்டிய வயலுக்கு மடை திறப்பது பாய்ச்சல். அதனால்தான் பாய்வு. ஹீமோடைனமிக் ரெஸ்பான்ஸுக்கு, அதாவது அப்படி வரும் ரத்தத்தின் ஏற்ற இறக்கத்துக்கு, "குருதித்துலங்கல்" போதும். தூண்டல், துலங்கல் இரண்டும் பிள்ளைகளுக்குப் பழக்கம். மறுப்பில்லையென்றால் இரண்டு சொற்களையும் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுங்கள்.