மறு: மறு: ‘சோஷியல் ரீப்ரொடக்‌ஷன்’ – திங்களுக்குள் ஒரு சொல் வேண்டும்

செ. எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு,

முதுகலைப் பெண்ணியல் பாடக்குறிப்பு திங்களன்று அச்சுக்குப் போகிறது. மார்க்சியப் பெண்ணியர் லிஸ் வோகல் 1983இல் எழுதிய நூலின் சுருக்கத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். தொழிலாளி மறுநாளும் ஆலைக்குப் போகும்படி சோறாக்கி, துணி துவைத்து, அடுத்த தலைமுறையையும் பெற்று வளர்க்கிற உழைப்பு மொத்தத்துக்கும் ‘சோஷியல் ரீப்ரொடக்‌ஷன்’ என்று ஒரே சொல். ‘சமூக மறுஉற்பத்தி’ என்றால் மாணவர்கள் இனப்பெருக்கம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். நூலின் நடையே வறட்சி. சொல்லும் கைவிட்டால் யார் படிப்பார்கள்?

இரா. எழுதியது:

முதலில் அது ‘மறுவுற்பத்தி’. ‘மறு’ முற்றியலுகரம், வகர உடம்படுமெய் வர வேண்டும். மறு என்றால் களங்கம் என்றும் பொருள். உற்பத்தி வடசொல் என்பது தனி வழக்கு.

நம்மிடம் சொல் இல்லாமலா? ‘ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே’ என்கிறார் பொன்முடியார் (புறநானூறு 312). பெறுவதும் வளர்ப்பதும் ஒரே தொடரில். ‘புறந்தரவு’ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நி. (யாழ்ப்பாணம்) எழுதியது:

புறந்தரவைப் பார்த்தால் புறந்தள்ளுவது என்றுதான் மாணவர்கள் நினைப்பார்கள். மீள்குடியேற்றம், மீளாய்வு என எங்களுக்கு ‘மீள்’ பழகியது. ‘மீளுற்பத்தி’ போதும்.

ம. எழுதியது:

இரா. ஐயா அந்தப் பாட்டை ஓரடியோடு நிறுத்திவிட்டார். வேல் வடிப்பது கொல்லனுக்குக் கடன், நன்னடை நல்குவது வேந்தனுக்குக் கடன், பெற்று வளர்ப்பது தாய்க்குக் கடன். கொல்லனுக்காவது நெல் அளந்திருப்பார்கள். வீட்டு வேலையை அன்பு என்று சொல்லிக் கூலியில்லாமல் வாங்குவதைத்தான் பெண்ணியர் சில்வியா ஃபெடரிச்சி 1975இல் எதிர்த்து, அதற்குக் கூலி கேட்டார். அந்தக் கடனையே சொல்லுக்குள் வைத்துத் தைப்பதா?

ஃபெடரிச்சியோடும் எனக்கு முழு உடன்பாடில்லை. தலைமுறை தலைமுறையாகக் கூலிக்கு வீட்டுவேலை பார்த்த கறுப்பினப் பெண்களுக்கு அந்தக் கூலி என்ன விடுதலை தந்தது என்ற கேள்வியை அமெரிக்கக் கறுப்பினச் செயற்பாட்டாளர் ஏஞ்செலா டேவிஸ் 1981இல் எழுப்பிவிட்டார். எனக்கு இவர்களைவிட ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் நெருக்கம். ஆந்திரத்து நரசாபூரில் ஏற்றுமதிக்கு லேஸ் பின்னிய பெண்களை ‘ஓய்வுநேரத்தில் பின்னும் இல்லத்தரசிகள்’ என்றே கணக்கில் வைத்திருந்ததை 1982இல் எழுதினார். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, உலை கொதிக்கிறதா என்று ஒரு கண் பார்த்தபடி பீடி சுற்றும் தென்காசிப் பெண்களுக்கு விளக்கவுரை வேண்டாம். ஆனால் மீஸ் உலகம் முழுவதையும் ஒரே மூச்சில் விளக்கப் புறப்படும்போது சறுக்குகிறார். அங்கே வோகலின் வறட்சியே மேல்.

இரா. எழுதியது:

சரி, ‘பேணுகை’?

ம. எழுதியது:

‘தற்காத்துத் தற்கொண்டாற் பேணி’. தற்கொண்டான் என்றால் கணவன். குறள் 56இல் பேணப்படுபவர் யார் ஐயா?

இரா. எழுதியது:

இப்படிப் பார்த்தால் தமிழில் ஒரு சொல்லும் மிஞ்சாது. உங்கள் உற்பத்தி மட்டும் ஆலைக்காரன் சொல் இல்லையா?

ம. எழுதியது:

ஆலைக்காரன் சொல்தான், அதனால்தான் கேட்கிறேன். அடுப்படியை ஆலைக் கணக்கோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதே வோகலின் வாதம். உற்பத்தியை எடுத்துவிட்டால் அந்த வாதமும் போய்விடும்.

செ. எழுதியது:

நேரமில்லை. ‘சமூக மறுவுற்பத்தி’ என்றே போடுகிறேன். முதல் இடத்தில் மூன்று வரி விளக்கம். மூவர் ஒப்புக்கொண்டு தனிமடல் எழுதியிருக்கிறார்கள், உற்சாகமாக அல்ல.

நி. எழுதியது:

நான் ‘மீள்’ என்றே எழுதுவேன்.

இரா. எழுதியது:

அடுத்த கட்டுரையில் புறந்தரவுதான், யார் தடுத்தாலும். அச்சகத்தார் அந்த ‘வு’வைத் தின்றுவிடாமல் மெய்ப்பை ஒருமுறை பாருங்கள்.