1887 ஜூபிலியா, 1924 வெம்ப்ளியா? பிரிட்டனின் முதல் நினைவு ஸ்டாம்ப் எது?

ஊதா_பென்னி:
"பிரிட்டன்ல நினைவு ஸ்டாம்ப்னா 1924-ல லண்டன் வெம்ப்ளியில நடந்த பேரரசுக் கண்காட்சிக்கு வந்ததுதான் முதல்"னு ஆளாளுக்கு ஒப்பிக்கிறதைப் பார்த்தா எரிச்சலா வருது. 1887 ஜூபிலி செட்டை எங்க ஒளிச்சு வச்சீங்க? விக்டோரியா ராணி பட்டத்துக்கு வந்து 50 வருஷம். அதே வருஷம் வந்த செட். பேரே ஜூபிலி. இதுக்கு மேல என்ன வேணும்?

பெர்ஃப்14:
தேதி வேணும் சார். செட் வந்தது 1887 ஜனவரி 1. பொன்விழா ஜூன் 20. அஞ்சரை மாசம் முன்னாடியே பந்தல் போட்டுட்டாங்களா? 1883-84 ஊதா-பச்சை ஸ்டாம்ப்ல மதிப்பைப் பிரிச்சுப் பார்க்க முடியலைன்னு எல்லாரும் திட்டி, 1884-ல கமிட்டி போட்டு, அதுலேர்ந்து பொறந்ததுதான் இந்த செட். பத்து பென்னி 1890-ல சேர்ந்துச்சு, நாலரை பென்னி 1892-ல. அப்பவும் பொன்விழா நடந்துச்சோ? ஜூபிலிங்கிறது சேகரிக்கிறவங்க வச்ச பேர். ஸ்டாம்ப்ல அப்படி ஒரு எழுத்து இருந்தா காட்டுங்க.

ஊதா_பென்னி:
தேதிதான் அளவுகோலா? 1935 ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளிவிழா மே 6, ஸ்டாம்ப் மே 7. 1937 ஆறாம் ஜார்ஜ் முடிசூட்டு மே 12, ஸ்டாம்ப் மே 13. அதெல்லாம் கணக்குல வராதா?

பெர்ஃப்14:
ஒரு நாளும் அஞ்சரை மாசமும் ஒண்ணா? 1935-ல 'சில்வர் ஜூபிலி'ன்னு அச்சுலயே இருக்கு. வெம்ப்ளி திறந்தது 1924 ஏப்ரல் 23, ஸ்டாம்ப்பும் அன்னைக்கே. 1925 மே 9 மறுபடி திறந்தப்போ வருஷத்தை மட்டும் மாத்தி அடிச்சாங்க. அப்புறம், உங்க பேர்ல இருக்கிற 1881 ஊதா பென்னி இருக்கே, நாடே கடிதத்துல ஒட்டினது, அது இந்த ஜூபிலி செட்லயே கிடையாது. பேரையாவது மாத்துங்க.

அரைஷில்லிங்:
ரெண்டு பேரும் 1890-ஐ மறந்துட்டீங்க. ஒரு பென்னிக்கே கடிதம் போற பென்னி தபாலின் 50-ம் ஆண்டுக்கு ஜூலை 2 லண்டன் சவுத் கென்சிங்டன்ல ஒரு பென்னி உறையை ஒரு ஷில்லிங்குக்கு (12 பென்னி) வித்தாங்க. மிச்சப் பணம், பென்னி தபாலைக் கொண்டுவந்த ரோலண்ட் ஹில் பேர்ல இருந்த நிதிக்கு.

பெர்ஃப்14:
அது உறையில அச்சடிச்சது. ஒட்டுற ஸ்டாம்ப் பத்திப் பேசிட்டு இருக்கோம்.

ஊதா_பென்னி:
1887, 1887, 1887. பொன்விழா வருஷம்.

பெர்ஃப்14:
ஜனவரி 1.

அரைஷில்லிங்:
சண்டையை விடுங்க. 1887 ஒரு ஷில்லிங் பச்சையை, வாட்டர்மார்க் (காகிதத்துக்குள்ளேயே பதிஞ்ச உரு) பார்க்க பென்சின்ல (பெட்ரோல் மாதிரி திரவம்) முக்கினா போதும், கிரீடம் தெரியும்.

பெர்ஃப்14:
ஐயோ, யாரும் முக்காதீங்க! அந்தப் பச்சை மை கரையணும்னே செஞ்சது, தபால் முத்திரை மையைக் கழுவிட்டு ஸ்டாம்ப்பை மறுபடி ஒட்டக் கூடாதுன்னு. தண்ணி பட்டாலே மஞ்சளடிக்கும், விலை போச்சு. பென்சினையும் நம்ப முடியாது. கறுப்புத் தட்டுல கவிழ்த்து வச்சு, விளக்கைப் பக்கவாட்டுல சாய்ச்சுப் பாருங்க. உறையோட இருந்தா அப்படியே விட்டுடுங்க. 1929 ஒரு பவுண்டு ஸ்டாம்ப் பத்தின பேச்சுல, லித்தோவுல (தட்டையா விழுற அச்சு) அடிச்ச போலியை அசல்னு சொன்ன ஆள்தானே நீங்க?

அரைஷில்லிங்:
அது அசல்தான். பெர்ஃபரேஷன் (ஓர ஓட்டைகளோட அளவு) 12 சரியா இருந்துச்சு.

பெர்ஃப்14:
ஓட்டை எவன் வேணா போடுவான். அசல் குழித்தகட்டு அச்சு. ஸ்டாம்ப்ல இருக்கிற குதிரை, டிராகன் கோடெல்லாம் மை மேடா நிக்கணும், சாய்ஞ்ச வெளிச்சத்துல நிழல் விழணும். உங்க படத்துல தட்டையா கிடந்துச்சு. வாட்டர்மார்க்ல பெரிய கிரீடம் இருக்கான்னு கேட்டேன், பதிலே வரலை.

ஊதா_பென்னி:
பவுண்டு கதை எதுக்கு இங்க? ஜூபிலிக்குப் பதில் சொல்லுங்க.

பெர்ஃப்14:
சொல்லியாச்சு, மேல போய்ப் படிங்க. அரைஷில்லிங், பின்பக்கத்தையும் ஸ்கேன் பண்ணிப் போடுங்க, முன்பக்கம் மட்டும் வேண்டாம்.