பவளத்தோடு வந்த நண்டு: நான் பிடித்தது தவறான ஆளை

பொசிலோபோரா என்ற கிளைப் பவளம் ஒன்றைப் புதிதாக என் கடல்நீர்த் தொட்டியில் வைத்த மறுநாள், கிளைகளின் இடுக்கிலிருந்து இரண்டு கண்கள் எட்டிப் பார்த்தன. சுண்டுவிரல் நகமளவு நண்டு. அந்த வாரமே பக்கத்திலிருந்த சோவாந்திட் என்ற பூப்போன்ற கடலுயிர்க் கூட்டத்தில் பாலிப்புகள் (கூட்டத்தின் தனித்தனி உயிர்கள்) கிழிந்து கிடந்தன. வேறு யாரைச் சந்தேகிப்பது? பவளத்தை வாளிக்கு மாற்றி, இடுக்கியோடு அரைமணி நேரம் மல்லுக்கட்டி, அதைப் பிடித்துச் சம்ப்புக்கு (தொட்டியோடு இணைந்த வடிகட்டித் தொட்டி) நாடுகடத்தினேன்.

பாலிப்புகள் தொடர்ந்து குறைந்தன. ஓர் இரவு விளக்கணைந்து வெகுநேரம் கழித்துச் சிவப்பு விளக்கோடு உட்கார்ந்தபோதுதான் அசல் திருடன் பாறைப் பொந்திலிருந்து வந்தான். உடலெல்லாம் மயிர், கனத்த கொடுக்கு, நுனி கறுப்பு. ஒரு பாலிப்பைப் பற்றி, நார் உரிப்பதுபோல் நிதானமாகப் பிய்த்து வாயில் வைத்தான். எனக்கு வயிறு எரிந்தது.

நான் தண்டித்ததோ டிராபீசியா, பவளக் கிளைகளில் வாழும் காவல் நண்டு! ஓடு வழவழப்பாக இருந்ததையாவது கவனித்திருக்க வேண்டும். பவளம் சுரக்கும் சளிதான் அதன் சாப்பாடு. கடலில் முட்கிரீட நட்சத்திரமீன் பவளத்தைத் தின்ன வந்தால், அதன் குழாய்க்கால்களைக் கிள்ளி விரட்டுவதும் இதுதான். திரும்ப விட்டதும் பழைய கிளைக்குள் போய் ஒட்டிக்கொண்டது.

மயிர் நண்டுக்கு இறால் துண்டு போட்ட கண்ணாடித் தம்ளரைப் பொந்தருகே சாய்த்து வைத்தேன். இரண்டு இரவு ஏமாற்றம். மூன்றாம் நாள் காலை, வழுக்கும் கண்ணாடியில் ஏற முடியாமல் உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது.

*

உங்கள் நண்டுக் கதையைப் படித்தேன். கறுப்பு நுனியை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள் நண்பரே. அப்படிப்பட்ட நண்டுகளிலும் பாசி மேய்பவை உண்டு. கொடுக்கின் நுனி கரண்டிபோல் குழிந்திருந்தால் பெரும்பாலும் பாசி சுரண்டும் நண்டு. என்னிடம் வந்தது அதைவிடச் சாது: பீங்கான் நண்டு. நீண்ட உணர்கொம்புகள், வெளியே தெரிவது மூன்று ஜோடி நடைக்கால்கள் மட்டும். இறகு விசிறி போன்ற வாயுறுப்பை நீரோட்டத்தில் வீசி, நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைப் பிடித்துத் தின்கிறது. பவளத்தைச் சீண்டியதே இல்லை.

*

தம்ளர் பொறியை நானும் வைத்துப் பார்த்தேன்; என் தொட்டி நண்டு அதைச் சீந்தவே இல்லை. அது ஒளிந்திருந்தது பவளம் எதுவும் ஒட்டாத பாறை என்பதால் அந்தப் பாறையைத் தொட்டியிலிருந்து எடுத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் பொந்துக்குள் சோடா நீர் பீய்ச்சினேன். தொட்டிக்குள்ளேயே செய்தால் பிஎச் இறங்கிவிடும். சில நொடிகளில் நண்டு தள்ளாடி வெளியே விழுந்தது. பின்னாலேயே விரல் நீளத்துக்கு ஒரு முள்புழு. அதை நான் கேட்கவே இல்லை.