ரசனையில் மனதை உறுத்தும் ஒரு சம்பவம், உங்களுக்கும் உண்டா?

லெபோ பசார் வாசகி:
எனக்கு உண்டு, 'நிழல்கள்' படத்தின் 'மடை திறந்து' பாட்டால் வந்தது. பினாங்கு லெபோ பசாரில் ஒரு பாட்டுக் கடை. 2006இல் நம்ம மலேசிய ராப் குழு யோகி பி - நட்சத்ரா அதே பாட்டை ராப் கலந்து பாடிய 'வல்லவன்' தொகுப்பு வந்த புதிது, நான் பள்ளி மாணவி. இசைத்தட்டைக் கையில் எடுத்துவிட்டேன். பக்கத்தில் நின்ற பெரியவர், "இதெல்லாம் ஒரு பாட்டாம்மா? அண்ணே, அந்த 'நிழல்கள்' பாட்டைப் போடுங்க, பிள்ளை கேட்கட்டும்" என்றார். எஸ்.பி.பி. குரல் எழுந்ததும் கடையே என் முகத்தைப் பார்த்தது. பாட்டு முடிந்தவுடன், "இப்பச் சொல்லு, எது பாட்டு?"

எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. சொன்னால் யோகி பி-யை விட்டுக்கொடுத்த மாதிரி ஆகிவிடுமே என்று வாயே திறக்கவில்லை. அவ்வளவு நல்ல பாட்டை முதன்முதலாகக் கேட்ட சந்தோஷத்தைப் பரீட்சையாக்கிவிட்டாரே என்ற ஆதங்கம் இன்னும் போகவில்லை.

செந்தூல்காரன்:
பெரியவர் சொன்னதில் என்ன தப்பு, தங்கச்சி? 1980இல் இளையராஜா மெட்டுப் போடாமல் 2006 ஏது? மூலத்தைத் தெரிந்துகொள்ளச் சொன்னால் அது அவமானமா?

என் கதை சின்னது. மகன் காரில் பல்லவி முடியும் முன்னே அடுத்த பாட்டுக்குத் தாவுவான். ஒருநாள் கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் 'ரோஜா' பாட்டு ஒன்று தானாக வந்தது. கையைக் கொண்டுபோனவன் அப்படியே நிறுத்திக்கொண்டான். முழுப்பாட்டும் ஓடியது. நான் ஒன்றும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அந்தக் கை ஏன் நின்றது என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

பட்டர்வொர்த் ரசிகர்:
எனக்கும் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) தங்கச்சிக்கு நடந்த மாதிரியே நடந்தது, விரிக்க ஒன்றுமில்லை. ஆனால் பழைய பாட்டைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு முறை இருக்கிறது. முதலில் "கேள்" என்று சொல்லாதீர்கள். நல்ல ஹெட்போனில் 'மடை திறந்து' போட்டு, பேஸ் கிட்டாரை மட்டும் பின்தொடரச் சொல்லுங்கள். பாடகரை அப்புறம் கவனிக்கலாம். அடுத்து படக்காட்சியைக் காட்டுங்கள்: வாய்ப்புக்காக ஏங்கும் ஓர் இசைக்கலைஞனின் கனவு அது, இளையராஜாவே திரையில் தோன்றுவார். அதே கையோடு யோகி பி வடிவத்தைப் போடுங்கள். ராப் வரிகள் மெட்டின் எந்த இடத்தில் நுழைகின்றன, எங்கே பழைய பல்லவிக்கு வழிவிடுகின்றன என்று கேட்கட்டும். எதைப் போட்டாலும் சரி, நடுவில் நீங்கள் பேசக் கூடாது. குறிப்பாகச் செந்தூல் அண்ணன் பேசக் கூடாது.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்:
அண்ணே, மூலம் யாருடையது என்பது சரிதான். அந்தக் கடையில் 'வல்லவன்' தட்டையும் ஒருமுறை போட்டுக் கேட்டிருந்தால் பெரியவருக்கு என்ன குறைந்திருக்கும்? நம்ம ஊர்க்காரர்கள் செய்தது என்றாலே கேட்காமல் ஒதுக்குகிறோம்.

2015இல் 'ஜகாட்' என்ற மலேசியத் தமிழ்ப் படத்தைப் பார்த்துவிட்டு மறுநாள் வேலையிடத்தில் சொன்னேன். சக ஊழியர், "லோக்கல் படமா? காசு வேஸ்ட் லா" என்றார். முந்தைய இரவு அரங்கில் விளக்கு போட்ட பிறகும் ஒரு தாத்தா எழுந்திருக்கவில்லை. பேரன் கையைப் பிடித்து இழுக்க, "இருடா, எங்க கம்பம் (கிராமம்) மாதிரியே இருக்கு" என்றார். தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்களின் 90களைத் திரையில் அவ்வளவு கிட்டத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதை அந்த ஊழியரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாக அது தேர்வானபோது அந்த ஊழியரே வந்து கைகுலுக்கினார். படத்தை மட்டும் இன்னும் பார்க்கவில்லை. விருதுக்கு முன்னாலேயே திரையரங்கில் பார்த்தவர்கள் இங்கே இருந்தால், எந்த ஊர், கூட்டம் எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.